அடைப்புக்குறிக்குள் எட்டு புள்ளி நான்கு

பத்துக்கு எட்டு புள்ளி நான்கு வாங்கினால் நல்ல மதிப்பெண் என்று வெல்கோ தாபகோவ் ஐம்பத்தெட்டு வயதுவரை நம்பியிருந்தார். அது மதிப்பெண்ணே இல்லை என்பது எங்கள் தலைநகர் சோஃபியாவில் நடந்த இரண்டு நாள் பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது.

வெல்கோ ரூசே நகரத்தில் மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ்களில் டிக்கெட் பரிசோதகர். முழங்கால் ஒத்துழைத்தவரை இரண்டாம் பிரிவுக் கால்பந்தில் நடுவராக இருந்தார். பதினெட்டு வருடம் ஊர் ஊராகப் போய், பார்வையாளர்கள் வாயால் தன் தாயாரைப் பற்றிப் பல புதிய தகவல்களைக் கேட்டறிந்தார். முழங்கால் போன பிறகு, மைதானத்துக்குள் ஓடும் நடுவர்களுக்கு வெளியே உட்கார்ந்து மதிப்பெண் போடும் மதிப்பீட்டாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதைத் தவிர அதைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது.

வகுப்பு எடுத்தவர் மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் பென்ச்சோ குஷ்லேவ். வாழ்நாளில் ஒரு ஆட்டத்துக்கும் விசில் ஊதாதவர். அதனாலேயே அவர்மீது எந்தப் புகாரும் கிடையாது.

"எட்டு நாலுங்கிறது தொடக்கம்" என்றார் குஷ்லேவ். "நடுவர் வண்டியை விட்டு இறங்கும்போதே அவர் பாக்கெட்ல எட்டு நாலு இருக்கு. ஆட்டம் முடியறதுக்குள்ள அதுல எவ்வளவைப் பிடுங்கலாம்னு பாக்கறதுதான் உங்க வேலை. கடவுளே வந்து ஊதினாலும் எட்டு அஞ்சுதான். அதுவும் ஆட்டம் கடினமா இருந்தா. சுலபமான ஆட்டத்துல அவருக்கும் எட்டு நாலுதான்."

ஒன்றிலிருந்து ஏழு வரை உள்ள எண்கள் எதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அவை இருந்தால்தான் பத்துக்கு மேல் போகாமல் இருக்கும் என்று குஷ்லேவ் விளக்கினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வெல்கோவும் எழுதிக்கொண்டார், பிறகு படித்துப் பார்த்தபோது புரியவில்லை.

எல்லாவற்றையும் விட அவரை அசத்தியது அடைப்புக்குறி. தெளிவான ஒரு தவறு செய்தால் நடுவருக்கு 7.9. ஆனால் மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஊதியிருந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 8.4 என்று எழுத வேண்டும். அதாவது, நடந்தது நடக்காமல் இருந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண். வெல்கோ தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

செப்டம்பரில் அவருடைய முதல் சர்வதேச ஆட்டம் வந்தது. வ்ராட்சா ஊரில், மலை மைதானத்தின் மேல் சாய்ந்து நிற்கும் இடத்தில், பதினேழு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம். லாட்வியாவும் ஸ்லோவேனியாவும் மோதின. நடுவர் எங்கள் நாட்டுப் பெண், ஸ்லாதினா பெனெவா. பிளெவெனில் கால்நடை மருத்துவர். வாரத்தில் ஐந்து நாள் மாடுகளோடு போராடுகிறவள் என்பதால் பதினேழு வயதுப் பையன்கள் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

ஆனால் அந்த ஆட்டம் ஒரு பொருட்டுதான். நான்கு ஆட்டங்களின் சராசரி 8.3 இருந்தால் சர்வதேச நடுவர் பட்டியலில் ஏறலாம். முதல் இரண்டிலும் 8.4 வாங்கியிருந்தாள். இது மூன்றாவது. அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். பிறகு ஆயுள் முழுக்க மாடுகள் மட்டும்தான். இதை அவளே சொல்லவில்லை. நடுவர் அறை வாசலில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லைன்ஸ்மேன் சொன்னான்.

அவள் ஊதியதைப் பார்த்து வெல்கோவுக்குப் பொறாமையாக இருந்தது. பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரிவதற்கு முன் அங்கே நின்றாள். பையன்கள் அடித்துக்கொள்ளப் போனால் நடுவில் நடந்து போனாள், அவ்வளவுதான், அடங்கினார்கள். நாற்பது பேர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்த மாடத்திலிருந்து ஒருவரும் அவளுடைய தாயாரைப் பற்றிப் பேசவில்லை. வெல்கோ அப்படியொரு அமைதியைக் கேட்டதே இல்லை.

எழுபத்தொன்றாம் நிமிடம் ஸ்லோவேனியப் பையன் ஒருவனை லாட்விய கோல்கீப்பர் இடித்துத் தள்ளினான். ஸ்லாதினா ஊதினாள். கையைப் பெனால்டிப் புள்ளிக்கு நீட்டினாள். லாட்விய அணித் தலைவன் ஓடிவந்து, நிஜமாகவே பெனால்டியா என்று முகத்தாலேயே கேட்டான். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

எங்கள் நாட்டில் ஆமாம் என்றால் தலை இடமும் வலமும் ஆடும். இல்லை என்றால் மேலும் கீழும் போகும். மற்ற நாட்டுக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அது அவர்கள் கழுத்தின் கோளாறு.

தலை இடவலமாக ஆடியதைக் கண்ட பையன் பெனால்டி இல்லை என்று நினைத்து கோல்கீப்பரைக் கட்டிக்கொண்டான். பிறகு திரும்பினால் நீட்டிய கை அப்படியே இருந்தது. கையைப் பார்த்தான், தலையைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான். நான்கு விநாடிக்குப் பிறகு கையை நம்பி ஒதுங்கினான். பெனால்டி கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. வெல்கோவின் கண்ணில் அந்த நான்கு விநாடியில் எதுவுமே நடக்கவில்லை. ஆமாம் என்று கையும் சொன்னது, தலையும் சொன்னது.

ஆட்டம் முடிந்ததும் எட்டு ஐந்து போடப்போவதாக அவளிடம் சொன்னார். ஸ்லாதினா காலுறையைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டு அஞ்சா? அண்ணே, அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

ஆகாது என்றார் வெல்கோ. அன்று மாலை விடுதியில் கணினிப் படிவத்தைத் திறந்தார். 'நடுவர் திருத்திக்கொள்ள வேண்டியவை' என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினார். கட்டம் சிவந்தது. எதுவுமில்லை என்று எழுதினார். இன்னும் சிவந்தது. குறைந்தது ஒரு குறையாவது இல்லாத நடுவரைப் படிவம் ஏற்காது என்று கீழே வாசகம் ஓடியது. வெல்கோ நெடுநேரம் யோசித்தார். நாற்பதாம் நிமிடம் அவளுடைய இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்தது நினைவுக்கு வந்தது. எழுதினார். படிவம் மகிழ்ச்சியடைந்து மேலும் விவரம் கேட்டது. மைதானத்தின் எந்தப் பகுதி? பந்திலிருந்து எத்தனை மீட்டர்? ஆட்டத்தின் முடிவில் அதன் தாக்கம்? நடுவருக்குத் தங்கள் ஆலோசனை? இரட்டை முடிச்சு என்று எழுதினார். தங்கள் கூர்மையான கவனிப்புக்கு நன்றி என்றது படிவம்.

பத்து நாள் கழித்து, சர்வதேச ஆட்டங்களைக் கவனிக்கும் வெளிநாட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மதிப்பெண் போடுகிறவர்களுக்கு மதிப்பெண் போட மேலிடத்தில் ஒரு அதிகாரி உண்டு. எந்த நாட்டுக்காரர் என்று யாருக்கும் தெரியாது. நடுநிலை கருதி அவர் பெயரையும் சொல்வதில்லை. அவர் ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்திருந்தார். எழுபத்தொன்றாம் நிமிடத்தில் நடுவரின் கை பெனால்டி உண்டு என்கிறது, தலை இல்லை என்கிறது. ஒரே நடுவர் ஒரே சம்பவத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு முடிவுகள் அறிவித்தது தெளிவான தவறு. ஆகவே 8.5 ரத்து. ஸ்லாதினா பெனெவாவுக்கு 7.9 (8.4). இதைக் காணாமல் ஷூ லேஸைக் கண்ட மதிப்பீட்டாளருக்கு 7.9 (8.2).

ஸ்லாதினா தொலைபேசியில் கத்தவில்லை. பின்னணியில் ஏதோ மாடுதான் கத்திக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது வருடமாக இந்தத் தலையை இப்படித்தான் ஆட்டிவருகிறேன், இதுவரை ஒரு மாடுகூடத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை என்றாள். பிறகு கணக்கைச் சொன்னாள். கடைசி ஆட்டத்தில் எட்டு நான்கு வாங்கினாலும் சராசரி எட்டு புள்ளி இரண்டு ஏழு ஐந்துதான் வரும். பட்டியல் போச்சு.

தான் மேல்முறையீடு செய்வதாக வெல்கோ சொன்னார். சொன்ன பிறகுதான் அப்படி ஒன்று உண்டா என்று விசாரித்தார். உண்டு.

விசாரணை சோஃபியாவில் நடந்தது. நீள மேசையின் நடுவில் குஷ்லேவ். அவருக்கு வலமும் இடமும் ஒவ்வொரு உறுப்பினர். எதிரே சுவரில் பெரிய திரையில் மேலிடத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். படம் தெளிவாக வந்தது, சத்தம் வரவில்லை. இந்தப் பக்கத்துச் சத்தம் அவருக்கும் போகவில்லை. சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகும் என்று ஒரு இளைஞன் சொன்னான். தேவையில்லை, இது உடல்மொழி பற்றிய விசாரணைதானே என்று குஷ்லேவ் அவனை அனுப்பிவிட்டார்.

முதலில் தலைவர் உரை.

"அந்தப் பொண்ணு ஆமான்னுதான் சொன்னா. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கீழ காப்பிக் கடைக்காரனுக்கும் தெரியும். நாட்டுல அறுபது லட்சம் பேருக்குத் தெரியும். அதுக்காக? நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே காரணத்துக்காக மேலிடத்தை எதுத்துக்க முடியுமா? தலை நம்ம தலைதான். ஆனா ஆட்டம் சர்வதேச ஆட்டம். பாஸ்போர்ட் இல்லாத தலையை அங்க கொண்டுபோனது யார் தப்பு?"

இரண்டு உறுப்பினர்களும் தலையை இடவலமாக ஆட்டி ஆமோதித்தார்கள். திரையில் அதிகாரி திடுக்கிட்டு, தலைவரின் கருத்துக்குக் குழுவில் ஒருமித்த எதிர்ப்பு என்று குறித்துக்கொண்டார்.

பிறகு வெல்கோவிடம், எழுபத்தொன்றாம் நிமிடத்தில் நடுவர் செய்தது சரியா என்று ஒரே கேள்வி; திரையில் இருந்தவருக்கும் அது முன்பே எழுத்தில் போயிருந்தது. வெல்கோ தலையை இடவலமாக, கழுத்து நெட்டி முறியும் அளவுக்கு ஆட்டினார். திரையில் அதிகாரி பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று மதிப்பீட்டாளரே ஒப்புக்கொண்டார் என எழுதுவது அங்கிருந்தே தெரிந்தது. வெல்கோ அதைப் பார்த்துவிட்டார். அவசர அவசரமாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினார், மற்ற நாட்டுக்காரர்கள் ஆட்டுவதுபோல. குனிந்து எழுதிக்கொண்டிருந்த அதிகாரி அதைப் பார்க்கவில்லை. வலப்பக்கத்து உறுப்பினர் 'இல்லை என்கிறார்' என்று எழுதினார். இடப்பக்கத்து உறுப்பினர் அதைப் பார்த்து எழுதினார்.

"சரின்னுதான் சொல்றேன்!" என்று வெல்கோ வாயைத் திறந்தார். விசாரணை உடல்மொழி பற்றியது, வாய்மொழி பதிவில் சேராது என்று குஷ்லேவ் சொன்னார். அறிக்கை இரண்டு மொழிகளில் தயாரானது. இரண்டிலும் நடுவர் செய்தது தவறு. அரிதாகவே கிடைக்கும் ஒற்றுமை என்று தலைவர் பாராட்டினார்.

ஸ்லாதினா அதுவரை கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். குஷ்லேவ் அவளைத் தந்தை போலப் பார்த்தார்.

"மனசு விட்டுடாதம்மா. வெளிய இருக்கிற ஏழு ஒம்பது தண்டனை. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற எட்டு நாலு எங்க பாசம். அதை யாராலயும் உங்கிட்ட இருந்து பறிக்க முடியாது."

"அப்படின்னா அடைப்புக்குறிக்குள்ள ஒரு பட்டியலும் போட்டு அதுல என்னைச் சேத்துடுங்க" என்றாள் ஸ்லாதினா. "அடைப்புக்குறிக்குள்ள ஆட்டம் இருந்தா சொல்லி அனுப்புங்க, வந்து ஊதிட்டுப் போறேன்."

வெல்கோவுக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. வலப்பக்கத்து உறுப்பினர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன.

முதலாவது, கழுத்து நடுநிலைமை பற்றியது. நம் நாட்டு நடுவர்கள் சர்வதேச ஆட்டங்களில் தலையை எத்திசையிலும் அசைக்கக் கூடாது. இதற்கென மூன்று நாள் முகாம் நடந்தது. முகாமிலிருந்து வந்தவர்கள் பீரோவை நகர்த்துவதுபோல உடம்போடு திரும்பினார்கள். ஸ்லீவனில் நடந்த ஒரு ஆட்டத்தில் நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஆறு பேர் அடித்துக்கொண்டார்கள். அவர் முழுதாகத் திரும்பி முடிப்பதற்குள் சமாதானமாகிவிட்டார்கள். சண்டையைச் சிறப்பாகக் கையாண்டதாக அவருக்கு 8.5 கிடைத்தது.

இரண்டாவது, அடைப்புக்குறிப் பட்டியல் பற்றியது. நடந்தது நடக்காமல் இருந்திருந்தால் சர்வதேசப் பட்டியலில் இருந்திருக்கக்கூடிய நடுவர்களின் பட்டியல். முதல் பெயர், ஒரே பெயர், ஸ்லாதினா பெனெவா. சட்டையில் தைத்துக்கொள்ள வளைகோடுகள் போட்ட சின்னமும் கூடவே வந்தது. இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு, ரத்தாகாமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய ஆட்டங்கள் ஒதுக்கப்படும். அவை நான்காவது ஆட்டமாகக் கணக்கில் கொள்ளப்படும். மதிப்பீட்டாளர், வெல்கோ தாபகோவ்.

நவம்பர் கடைசியில் அப்படியொரு ஆட்டம் கிடைத்தது. வீதினில் நடக்கவிருந்த பதினேழு வயதுக்கு உட்பட்டோர் நட்பு ஆட்டம். வரவேண்டிய அணியில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்ததால் ரத்தாகியிருந்தது. வெல்கோ பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி மைதானத்தைத் தின்றுகொண்டிருந்தது.

காவலாளி பூட்டைத் திறக்க யோசித்தார். "ஆட்டம்தான் இல்லையே ஐயா?"

"தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டார். வீதினில் பல மாதிரி ஆட்களைப் பார்த்தவர் போலிருக்கிறது.

ஸ்லாதினா வரவில்லை. வெல்கோ பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு விதிப்படி ஆட்டம் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். தொண்ணூறு நிமிடமும் இருந்தார். இடைவேளையில் எழுந்து கால் உதறினார். நடுவில் ஒரு நாய் இடது ஓரத்தில் ஓடியது. ஆஃப்சைடாக இருக்கலாம், பனியில் தெரியவில்லை.

அன்றிரவே படிவத்தை நிரப்பினார். பொய் எதுவும் எழுதவில்லை. தவறான முடிவுகள்: இல்லை. ஆட்டக்காரர்களின் பாதையில் குறுக்கிட்டது: ஒருமுறைகூட இல்லை. கழுத்து: அசையவில்லை. ஆட்டக்காரர்களிடமிருந்து எதிர்ப்பு: இல்லை. பார்வைத் தெளிவு: பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இதை எழுதியதும் படிவம் தானாகவே ஆட்டத்தை 'மிகக் கடினம்' என்று வகைப்படுத்தியது. திருத்திக்கொள்ள வேண்டியவை என்ற கட்டத்தில், நடுவர் வரவில்லை என்று எழுதினார். படிவம் அதை ஒரு குறையாக ஏற்றுக்கொண்டு திருப்தியடைந்தது; கட்டம் சிவக்கவில்லை. கடைசியில் மதிப்பெண்ணையும் அதுவே போட்டுக்கொண்டது. 8.6.

அந்த எண்ணை வெல்கோ அதுவரை எங்கும் கண்டதில்லை. கடவுளைவிடப் புள்ளி ஒன்று அதிகம்.

மறுநாள் காலை டிராலிபஸ்ஸில் ஒரு ஆளிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தபோது குஷ்லேவ் அழைத்தார். திட்டப் போகிறார் என்று வெல்கோ முந்திக்கொண்டார். "தலைவரே, அந்தப் பொண்ணு வரவே இல்ல. நான் மறைக்காம எழுதியிருக்கேன்."

"படிச்சேன். வராத இடத்துல ஏதாவது தப்பு பண்ணினாளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? முப்பது வருஷமா இப்படி ஒரு அறிக்கைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன், வெல்கோ. இந்த நடுவருங்க ஏன் கெட்டுப் போறாங்க? மைதானத்துக்குப் போறாங்க. போன உடனே ஏதாவது நடந்துடுது. நான் இத்தனை வருஷமா போகாம இருக்கேனே, என்மேல ஒரு சொல் உண்டா?"

பிறகு விதியைச் சொன்னார். அடைப்புக்குறிக்குள் இருப்பது, நடந்தது நடக்காமல் இருந்திருந்தால் கிடைக்கும் மதிப்பெண். இங்கே எதுவுமே நடக்கவில்லை. ஆகவே உள்ளே இருக்கும் எண்ணும் வெளியே இருக்க வேண்டிய எண்ணும் ஒன்றே. இரண்டும் ஒன்றானால் அடைப்புக்குறி தேவையில்லை. அதை நீக்கினால் 8.6 வெளியே வந்துவிடுகிறது. நான்கு ஆட்டங்களின் சராசரி 8.325. மேலிடத்து அதிகாரியும் ஒளிப்பதிவைப் பார்த்தாராம். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று ஒப்புதல் அளித்துவிட்டாராம்.

இவ்வளவு நேரத்தில் டிக்கெட் இல்லாத ஆள் இறங்கிப் போய்விட்டிருந்தான்.

டிசம்பரில் சர்வதேசப் பட்டியல் வெளியானது. ஸ்லாதினா பெனெவா, அடைப்புக்குறி இல்லாமல். கூடவே அவளுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்: வீதினில் காட்டிய தரத்தை இனிவரும் ஆட்டங்களிலும் தொடர்ந்து காத்துவரவும்.

வெல்கோ அழைத்துச் சொன்னார். தண்ணீர் ஊற்றிக் கை கழுவும் சத்தம் கேட்டது. அன்றைக்கு எங்கே போனாய் என்று கேட்டார். பிளெவெனுக்குப் பக்கத்தில் இரண்டு கிராமத்துக்காரர்கள் ஆடினார்கள், போய் ஊதினேன், அங்கே ஆள் இருந்தது என்றாள். யாரோ அவள் காரின் கண்ணாடியில் தயிரைக் கொட்டியிருந்தார்களாம்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லணும். வீதினுக்கு நான் வந்திருந்தா, ஆட்டமும் நடந்திருந்தா, போன தடவை மாதிரியே ஊதியிருந்தா, எவ்வளவு போட்டிருப்பீங்க?"

எட்டு ஐந்து என்று சொல்ல வெல்கோ வாயெடுத்தார். எட்டு ஐந்து போதும். கணக்கு சரியாக வந்திருக்கும். ஆனால் சிவந்த கட்டங்கள் நினைவுக்கு வந்தன, சுவர்த் திரையில் எழுதிக்கொண்டே இருந்த அதிகாரியும் நினைவுக்கு வந்தார். தான் அதற்குப் பிறகு யாருக்கும் எட்டு ஐந்து போடவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

"எட்டு நாலு" என்றார்.

"அது போதாதே."

"போதாது."

மாடு ஒன்று மெதுவாக இருமியது. கோபித்துக்கொண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்தது எங்க போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

"மார்ச்ல. ருமேனியாவுல, குளூஜ். பத்தொம்பது வயசுக்குக் கீழ."

"நடக்கிற ஆட்டமா?"

வெல்கோ தனக்கு வந்திருந்த ஆட்ட ஒதுக்கீட்டுக் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தார். "நடக்கிற ஆட்டம்தான்."

"அப்ப ஏதாவது நடந்துடும், எட்டு ரெண்டுக்கு மேல தேறாது. பட்டியல்ல இருந்து தூக்கிடுவானுங்க" என்றாள் ஸ்லாதினா. "பரவால்ல. நான் போறேன்."